பஞ்சம், சூரியன், பாதரசம்: தேவதானப்பட்டிக்கு மேலே இருக்கும் மலையின் கதை

வத்தலக்குண்டில் இருந்து பெரியகுளம் போகும் பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். காட்ரோடு தாண்டி தேவதானப்பட்டி வரும்வரை பழனி மலை கூடவே வரும். மழைக்காலமாக இருந்தால் தலையாறு அருவி தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போலத் தெரியும். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். அந்தத் தண்ணீர்தான் மஞ்சளாறாக இறங்கி, மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் பக்கமாக ஓடி, கடைசியில் வைகையில் கலக்கிறது. மலைக்கு மேலே கொடைக்கானல். கீழே இருப்பவர்களுக்குக் கொடைக்கானல் என்றால் ஏரி, பேரிக்காய், பனி, கல்யாணமான புதிதில் போகும் ஊர்.

ஆனால் அந்த மலை ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடமாகவும் இருந்திருக்கிறது. சூரியனைப் பற்றிய இயற்பியல், பறவைகளின் பரிணாமம், மனித உடலில் சேரும் நஞ்சு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் மூன்று துறைகள் அங்கே வேலை செய்திருக்கின்றன. முதல் ஆராய்ச்சி தொடங்கிய காரணம் மலைக்கு மேலே இல்லை, கீழே சமவெளியில் இருக்கிறது. காரணம் பசி.

1876-ல் மழை பொய்த்தது. தமிழில் தாது வருஷம். இன்றும் கிராமங்களில் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்றுதான் சொல்வார்கள். அன்று தேனி மாவட்டம் என்று ஒன்று கிடையாது (அது 1996-ல் வந்தது), பெரியகுளம் எல்லாம் மதுரை ஜில்லா. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1877 ஜனவரி முதல் தேதி, இங்கே ஜனங்கள் சாகத் தொடங்கியிருந்த நேரத்தில், விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரமாண்டமாக தர்பார் நடத்திக்கொண்டிருந்தார்.

அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் ஒரு விசித்திரமான ஆள். 1874-ல் பீகாரில் பஞ்சம் வரும்போது பர்மாவில் இருந்து தாராளமாக அரிசி இறக்கி, பட்டினிச் சாவை ஏறக்குறைய இல்லாமலே செய்தவர். அதற்குப் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ அரசுப் பணத்தை வாரி இறைத்தார் என்ற திட்டு! அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க வேண்டும் என்ற அவசரத்தோடு சென்னைக்கு வந்தார். வந்ததும், நிவாரண வேலைகளில் கல் உடைக்கும், மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணா காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க வெயிலில் உடலுழைப்பு, அதற்கு 450 கிராம். சரித்திரத்தில் இதற்கு டெம்பிள் கூலி என்றே பெயர்.

இதை எதிர்த்து நின்றவரும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிதான். பெயர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். மாகாணத்து ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை 1860-களிலேயே ஆராய்ந்து எழுதியவர் அவர். அதனால் டெம்பிள் சொன்ன கணக்கைப் பார்த்ததுமே அது எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சோறு மட்டும் கணக்கில் இருக்கிறது, பருப்பு எங்கே, காய் எங்கே, உப்பு எங்கே என்று கேட்டார். தானியத்தை மட்டும் தின்று கல் உடைத்தால் உடம்பு தன் சதையையே எரித்துக்கொள்ளும், ஆள் பட்டினியால் சாகாவிட்டாலும் வயிற்றுப்போக்கில் சாவான் என்பது அவர் வாதம். முகாம்களுக்குப் போய்ப் பார்த்து, சாவுக் கணக்குகளை அடுக்கி, சிறைக் கைதிக்குக் கொடுக்கும் சாப்பாட்டோடு ஒப்பிட்டு, டெம்பிளின் குறிப்புகளுக்குப் பதில் எழுதி அச்சிட்டார். 1877-லேயே சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்தியது. அதற்குள் போன உயிர்கள் போனதுதான்.

இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் இது ஒரு முக்கியமான சண்டை. ஒரு மனிதனுக்கு உயிர் தரிக்க எவ்வளவு வேண்டும் என்பதை கஜானா தீர்மானிப்பதா, அளந்து பார்த்த மருத்துவர் தீர்மானிப்பதா என்பதுதான் விஷயம். ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அதைவிடக் கவர்ச்சியான இன்னொரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது: பஞ்சத்துக்குக் காரணம் சூரியனில் இருக்கும் புள்ளிகளா?

கேட்பதற்கு ஜோசியம் மாதிரி இருக்கும். ஆனால் சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை பெருகும், குறையும். இதற்கும் கோதுமை விலைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1801-லேயே வில்லியம் ஹெர்ஷல் சொல்லியிருந்தார். 1877-ல் வானியலாளர் நார்மன் லாக்யரும், இந்திய அரசின் புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஹண்டரும் சேர்ந்து, புள்ளிகள் குறையும் வருடங்களில்தான் தென்னிந்தியாவில் மழை பொய்க்கிறது என்று கட்டுரை எழுதினார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் தலைவர் போக்சனும் தானிய விலைக்கும் சூரியப் புள்ளிக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். அரசாங்கத்துக்கு இந்த யோசனை பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. பஞ்சத்துக்குக் காரணம் சூரியன் என்று ஆகிவிட்டால், தானியத்தை ஏன் கப்பலில் ஏற்றி அனுப்பினாய், கூலியை ஏன் குறைத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்களே!

அந்தக் கேலியை ஒரு பக்கம் வைத்தால், நோக்கம் நல்லதுதான். பஞ்சம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால் தானியம் சேர்த்து வைக்கலாம். 1880-ல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை வானிலை ஆராய்ச்சியைப் பலப்படுத்தச் சொன்னது. 1882-ல் போக்சன் தென்னிந்தியாவில் ஒரு மலைமேல் 20 அங்குலத் தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று கேட்டார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் நீலகிரி, பழனி மலைகளில் அலைந்து இடம் பார்த்தார். 1893-ல் லண்டனில் லார்டு கெல்வின் தலைமையில் கூடிய குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. சுமார் 2,340 மீட்டர் உயரம், தூசி இல்லாத காற்று, வருடத்தில் பல நாள் தெளிவான காலை நேரம். சூரியனைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இங்கே ஒரு சுவாரசியமான பொருத்தம். வானாய்வகத்துக்கு அடிக்கல் நாட்டியவர் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு, மாதம் 1895 அக்டோபர். அதே வென்லாக், அதே அக்டோபரில்தான் முல்லைப் பெரியாறு அணையையும் திறந்துவைத்தார். இரண்டுமே பஞ்சத்தின் பிள்ளைகள். தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்து மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்குக்கு வெறும் காற்றை அனுப்பும். அந்தப் பக்கத்துத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார் பென்னிகுவிக். இன்னொரு மலையில் மிச்சி ஸ்மித் மழை எப்போது வரும் என்று சூரியனிடம் கேட்கக் கட்டடம் எழுப்பினார். ஒன்று உடனே சோறு போட்டது. மற்றதன் கதை வேறு மாதிரிப் போனது.

1899 ஏப்ரல் முதல் தேதி வானாய்வகம் இந்திய வானிலைத் துறையின் கீழ் வந்தது. 1901-ல் சூரியனைக் கவனிக்கும் வேலை தொடங்கியது. காட்ரோட்டில் இருந்து ஏறும் இன்றைய சாலை அப்போது முடியவில்லை. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இருந்து செண்பகனூருக்குக் குதிரைப் பாதையில்தான் ஏற வேண்டும். துரைமார்களையும் அவர்கள் சாமான்களையும் தூக்கிக்கொண்டு ஏறிய கூலியாட்களின் பெயர் எந்த ஆய்வறிக்கையிலும் இல்லை.

1907-ல் ஜான் எவர்ஷெட் வந்தார். பட்டம் வாங்கிய விஞ்ஞானி அல்ல, இங்கிலாந்தில் ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சூரியனைப் படம் பிடித்தவர். கூட வந்த மனைவி மேரியும் வானியலாளர். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய பெரிய ஆய்வு 1917-ல் வந்தது. 1909 ஜனவரி 5-ம் தேதி எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைப் பார்க்கிறார். புள்ளியைச் சுற்றி வாயு சுழல்கிறதா என்பதுதான் அவர் தேடியது. கோடுகள் காட்டியது வேறு: புள்ளியின் நடுவில் இருந்து நாலா பக்கமும் வெளியே பாய்கிறது, நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில். இன்று உலகத்தில் எந்தச் சூரிய இயற்பியல் புத்தகத்தை எடுத்தாலும் எவர்ஷெட் விளைவு என்று ஒரு பகுதி இருக்கும்.

இத்தோடு முடியவில்லை. கனமான பொருளின் அருகே இருந்து வரும் ஒளி சிவப்புப் பக்கம் சற்று நகர வேண்டும் என்று ஐன்ஸ்டைனின் கோட்பாடு சொல்கிறது. சூரியனைப் பொறுத்தவரை அந்த நகர்வு பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அதை அளப்பதில் உலகத்தில் ஒரு சில இடங்கள்தான் ஈடுபட்டிருந்தன, அதில் ஒன்று கொடைக்கானல். எவர்ஷெட்டுக்கு முதலில் சந்தேகம்தான். கோடுகள் நகர்ந்திருந்தன, ஆனால் கோட்பாடு சொன்ன கணக்கோடு சரியாக ஒட்டவில்லை. சூரியனில் வாயு மேலும் கீழும் ஓடுவதும் கோடுகளை நகர்த்தும் என்பதால் இரண்டையும் பிரிப்பது பெரும் தலைவலி. பல வருடம் அளந்த பிறகு 1920-களின் தொடக்கத்தில்தான் ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்தார். பெர்லினில் பேப்பரில் எழுதிய சமன்பாட்டை தேவதானப்பட்டிக்கு மேலே ஒருவர் கண்ணாடித் தட்டில் சரிபார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் சிலிர்க்கத்தான் செய்கிறது.

சரி, பஞ்சம் என்ன ஆயிற்று? அதைக் கணக்குப் பார்க்க வேண்டிய பொறுப்பு 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கரிடம் வந்தது. அவர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர், வானிலை பற்றி அதற்கு முன் ஒன்றும் தெரியாது. தெரியாததே நல்லதாகப் போயிற்று. யார் சொன்ன கருத்தையும் நம்பாமல் உலகம் முழுவதிலும் இருந்து காற்றழுத்தம், மழை, வெப்பநிலைக் கணக்குகளை வரவழைத்து, குமாஸ்தாக்களை வைத்துக் கூட்டிக் கழித்தார். சூரியப் புள்ளிக்கும் இந்திய மழைக்கும் பெரிய உறவு இல்லை என்று வந்தது. ஆனால் பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, ஊஞ்சல் மாதிரி. தென் அலைவு என்று அதற்குப் பெயர் வைத்தார். 1969-ல் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் இதை எல் நினோவோடு இணைத்தார். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னால் மிகப் பெரிய எல் நினோ ஒன்று இருந்தது என்பது இப்போது தெரியும்.

ஆக, எந்தக் கேள்விக்காக வானாய்வகம் கட்டினார்களோ அந்தக் கேள்விக்குப் பதில் அங்கே இல்லை, கடலில் இருந்தது. மழை ஏன் பொய்த்தது என்பதற்கு எல் நினோ பதில். மழை பொய்த்தபின் ஜனங்கள் ஏன் அவ்வளவு பேர் செத்தார்கள் என்பதற்கு கார்னிஷ் 1877-லேயே பதில் எழுதிவிட்டார். கொடைக்கானலோ யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது. அங்கே 1904-ல் இருந்து சேர்ந்த சூரியப் படங்கள் உலகத்திலேயே நீளமான தொடர்களில் ஒன்று. அவற்றை டிஜிட்டலாக மாற்றிவிட்டார்கள். வானாய்வகத்தை இப்போது நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் 2023 செப்டம்பரில் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்துக்கான முக்கியக் கருவியையும் செய்தது.

பறவைகள் விஷயத்துக்கு வருவோம். இந்திய வானிலைத் துறை 1875-ல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இமயமலையில் பனி அதிகமானால் மழை குறைகிறது என்று 1884-ல் எழுதியவர். அவருடைய அண்ணன் வில்லியம் பிளான்ஃபோர்ட் புவியியலாளர், விலங்கியலிலும் புலி. ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி பழனி மலையில் சேகரித்த பறவைகளை ஆராய்ந்து, சோலைக்காட்டில் மட்டுமே வாழும் ஒரு சிரிப்பானுக்கு 1869-ல் அவர் பெயரையே வைத்தார். தம்பி மழையைத் துரத்த, அண்ணன் பறவையைத் துரத்தினார்.

அண்ணன் பிளான்ஃபோர்டைக் குடைந்த கேள்வி பரிணாமம் பற்றியது. இமயமலையில் இருப்பது போன்ற செடிகளும் பிராணிகளும் 2,000 கிலோமீட்டர் தள்ளி தென்னாட்டு மலை உச்சிகளில் எப்படி வந்தன? நடுவில் கொதிக்கும் சமவெளி. அவர் சொன்ன விடை: பனியுகத்தில் சமவெளியும் குளிர்ந்திருந்தது, அப்போது குளிர்நாட்டு உயிர்கள் தெற்கே இறங்கின, வெப்பம் திரும்பியதும் மலை உச்சிகளில் ஏறித் தங்கிவிட்டன. அழகான விளக்கம். பாதி உண்மை என்று சொல்லலாம். 2010-க்குப் பிறகு வி.வி. ராபினும் அவருடன் சேர்ந்தவர்களும் மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். பழனி மலையில் இருக்கும் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் ஈப்பிடிப்பான் குடும்பம்) இமயமலையின் குட்டைச்சிறகனுக்கு உறவு என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இல்லை என்று தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மலைத்தொடரை வெட்டுவதால் நீலகிரிக்கு ஒரு இனம், பழனி-ஆனைமலைக்கு ஒரு இனம், அகத்தியமலைப் பக்கத்துக்கு ஒரு இனம் என்று தனித்தனியாகப் பிரிந்திருக்கின்றன. 2017-ல் இந்தப் பறவைகளுக்கும் சிரிப்பான்களுக்கும் புதிய பேரினங்களே உருவாக்கப்பட்டன. ஒவ்வொரு மலை உச்சியும் கடலுக்கு நடுவே ஒரு தீவு மாதிரி. தேவதானப்பட்டி வெயில்தான் அந்தக் கடல்!

தீவு என்றால் ஒரு ஆபத்தும் உண்டு. அங்கே கெட்டது அங்கேயே கெட்டதுதான், வேறு எங்கிருந்தும் கொண்டுவந்து வைக்க முடியாது. சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டு வெள்ளைக்காரன் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பின்னும் பழனி மலையின் புல்வெளியை நிறையவே அழித்தாயிற்று. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முப்பது வருடம் முன்பு, 1983-ல், பாம்பார் சோலையை ஒட்டிய முகட்டில் ஒரு தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை. பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது.

காய்ச்சல் பார்க்கும் கருவி. உலகத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றுமதி. சுகாதாரத்துக்கான சாமான் செய்யும் இடத்தில் சுகாதாரம் கெட்டது என்பதுதான் கொடுமை. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவி மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். மண்ணில் விழுந்தால் மழையோடு இறங்கும், நீருக்கு அடியில் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றும், மீனில் சேரும். 2001 மார்ச்சில், ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

அதன்பின் அளவை வேலை ஆரம்பித்தது. ஹைதராபாத்தில் இருந்து வந்த அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மரத்தில் ஒட்டியிருக்கும் கற்பாசியையும், ஏரித் தண்ணீரையும், மீனையும் சோதித்து, தொழிற்சாலையின் பாதரசம் கொடைக்கானல் ஏரி வரை போயிருப்பதை 2006-ல் வெளியிட்டார்கள். சோலையின் கற்பாசியே காற்றின் பதிவேடாகிவிட்டது. ஆனால் மண்ணில் எவ்வளவு இருந்தால் சுத்தம் என்று சொல்லலாம்? மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஐரோப்பாவில் இவ்வளவு விடுவார்களா என்று போராடியவர்கள் கேட்டார்கள். மண்ணை இன்னும் ஆழமாகத் தோண்டினால் சோலை மரங்கள் போய்விடும் என்று எதிர்ப்பக்கம் பதில் வந்தது. அந்த முகட்டில் இருந்து இறங்கும் பாம்பாறுதான் பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை அருவியாக விழுகிறது.

தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். சிறுநீரகக் கோளாறு, கை நடுக்கம், கருச்சிதைவு, சிறு வயதில் சாவு என்று பட்டியல் நீளமாக இருந்தது. நிறுவனம் தன்னுடைய மருத்துவப் பரிசோதனைகளைக் காட்டி, வேலையால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்று மறுத்தது. 2011-ல் மத்திய தொழிலாளர் துறையின் அறிக்கை தொழிலாளர்கள் சொன்னதன் பக்கம் நின்றது. 130 வருடத்துக்கு முன் டெம்பிளும் கார்னிஷும் போட்ட சண்டையை அறிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது புதிதாகத் தோன்றாது. யாருடைய கணக்கு, யாருடைய உடம்பு என்பதே இங்கும் வழக்கு.

2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் பரவி, உலகம் முழுக்க கொடைக்கானல் பெயர் மறுபடி அடிபட்டது. 2016 மார்ச்சில், வழக்குப் போட்டு பத்து வருடம் ஆன நிலையில், 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் என்று சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வெளியிடப்படவில்லை.